பாம்பன் படகு போர்டுக்கு டைமர் கெப்பாசிட்டர் தேர்ந்தெடுப்பது எப்படி

விசைப்படகில் ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், வயர்லெஸ் மூன்றுக்கும் போகும் 12 வோல்ட் லைனில், அளவுக்கு மீறிய கரண்டைத் தடுக்கும் ஓவர்கரண்ட் போர்டு இருக்கும். கரண்ட் வரம்பைத் தொட்டதும் அதிலுள்ள ஐசி, டைமர் கெப்பாசிட்டரைச் சின்னக் கரண்டால் ஏற்றும். குறித்த வோல்டேஜ் வந்ததும், லைனுக்கு ஸ்விட்ச்சாக இருக்கும் மாஸ்ஃபெட்டை அணைத்துவிடும்.

ஐசி 25 மைக்ரோஆம்பியரில் ஏற்றி, ஃபால்ட் இல்லாதபோது 2.5-இல் இறக்கி, 4 வோல்ட்டில் அணைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஐசியின் அளவை டேட்டாஷீட்டில் பாருங்கள். லோடு பக்கக் கெப்பாசிட்டர் 2200 மைக்ரோஃபாரட், கரண்ட் வரம்பு 5 ஆம்பியர். ஸ்டார்ட்டில் அது நிரம்பும் வரை டைமர் அணைக்கக் கூடாது. பேட்டரி சார்ஜ் ஆகும்போது 14.4 வோல்ட் இருக்கும் என்பதால் கணக்கை அதில் போட வேண்டும்: 2200 மைக்ரோ × 14.4 ÷ 5 = 6.3 மில்லிசெகண்ட். 68 நானோஃபாரட் போட்டால் 68 நானோ × 4 ÷ 25 மைக்ரோ, அதாவது 10.9 மில்லிசெகண்ட் கிடைக்கும். ஏற்றும் கரண்ட் 20 சதவீதமும் கெப்பாசிட்டர் 10 சதவீதமும் முன்பின் போனால் இது 8 முதல் 15 வரை நகரும். 8 என்றாலும் லோடு எழுந்துவிடும். ஷார்ட்டில் 72 வாட்டை 15 மில்லிசெகண்ட் தாங்குமா என்று மாஸ்ஃபெட்டின் எஸ்ஓஏ (பாதுகாப்பாக இயங்கும் எல்லை) வரைபடத்தில் பாருங்கள். தாங்காவிட்டால் மாஸ்ஃபெட்டை மாற்றுங்கள், கெப்பாசிட்டரைக் குறைக்காதீர்கள்.

டைமர் கெப்பாசிட்டருக்கு எக்ஸ்7ஆர் ரகச் செராமிக் போதும். ஒய்5வி ரகம் வேண்டாம், எஞ்சின் அறைச் சூட்டில் மதிப்பு பாதிக்கும் கீழே போய், ஸ்டார்ட் ஆகும்போதே ட்ரிப் ஆகும். எலக்ட்ரோலிட்டிக்கும் இங்கே ஆகாது. அதன் லீக்கேஜே மைக்ரோஆம்பியர் கணக்கில் இருக்கும்.

இந்தக் கரையில் பெரிய எதிரி போர்டில் படியும் உப்பு ஈரம். டைமர் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 320 கிலோஓம் லீக்கேஜ் வந்தால் 10.9 மில்லிசெகண்ட் 15 ஆகும். 160 கிலோஓமுக்கு இறங்கினால் 4 வோல்ட்டை எட்டவே எட்டாது, மாஸ்ஃபெட் எரியும். 14.4 வோல்ட் தடத்திலிருந்து கசிந்தால் நேர்மாறு: சுமார் 4 மெகாஓமுக்குக் கீழே போனாலே இறக்கும் கரண்டை அது மிஞ்சி, ஃபால்ட் இல்லாமலே அணைக்கும். கெப்பாசிட்டரை மாற்றிப் பயனில்லை.

பச்சை பிடித்த கனெக்டர் விட்டுவிட்டுத் தொட்டாலும் இதே தொல்லைதான். ஏறுவதைவிட இறங்குவது பத்து மடங்கு மெதுவு; ஃபால்ட் நேரம் மொத்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் மிச்சம் சேர்ந்து சேர்ந்து ட்ரிப் ஆகும்.

கெப்பாசிட்டரை ஐசி காலை ஒட்டி வையுங்கள். சப்ளைத் தடம் பக்கத்தில் ஓடக் கூடாது. கழுவும்போது முதலில் டிஸ்டில்டு வாட்டர், பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். ஆல்கஹாலில் மட்டும் கழுவினால் உப்பு கரையாது. நன்றாகக் காய்ந்தபின் கான்ஃபார்மல் கோட்டிங் (போர்டைக் காக்கும் மெல்லிய பூச்சு) அடியுங்கள். ஈரத்தின் மேல் அடித்தால் உப்பு உள்ளேயே அடைபடும்.

ஆசிலோஸ்கோப்பில் டைமர் நேரம் பார்க்க 10 எக்ஸ் புரோப் மட்டும். 1 எக்ஸ் புரோபின் 1 மெகாஓம், 4 வோல்ட்டில் 4 மைக்ரோஆம்பியரைக் குடித்து நேரத்தை நீட்டிக் காட்டும்.