தனுசுக் குள்ளனின் கொத்துகளைத் தேடும்போது செய்யும் தவறுகள்

சோளகம் அடிக்கிற ஆடி மாதத்தில் திருகோணமலை வானம் துப்புரவாக இருக்கும், இரவில் தனுசு நன்றாக மேலே ஏறி நிற்கும், உடனே யாராவது ஒரு பொடியன் மடிக்கணினியும், கையா விண்கலம் அளந்த விண்மீன் தரவுமாக என்னிடம் வந்துவிடுவான். 1994இல் கண்டுபிடிக்கப்பட்ட தனுசுக் குள்ள விண்மீன்திரளைப் பால்வீதியின் ஓதவிசை பிய்த்து இழுத்ததில், அதன் விண்மீன்களும் சில கோளக் கொத்துகளும் (உருண்டையாக நெருங்கிக் கிடக்கும் விண்மீன் கூட்டங்கள்) வானத்தைச் சுற்றி நீண்ட ஓடையாகச் சிதறிக் கிடக்கின்றன. எது அதிலிருந்து பிய்ந்தது, எது பால்வீதியின் சொந்தக் கொத்து என்று பிரிப்பதுதான் வேலை. அலகு மாறிப்போவது போன்ற சில்லறைப் பிழைகளை விடுவோம், அவை தானாகத் திருந்தும்.

பராலக்ஸை வைத்து வடிகட்டுவது

பூமி சூரியனைச் சுற்றுவதால் ஒரு விண்மீன் இடம்மாறித் தெரியும் சிறு கோணம்தான் பராலக்ஸ், தூரம் கூடக்கூட அது குறையும். அதை வைத்து வடிகட்டுவதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். கிண்ணியாவிலிருந்து வரும் ஒரு மாணவன், பராலக்ஸ் அதன் அளவீட்டுப் பிழையைப்போல் பத்து மடங்குக்கு மேல் உள்ள விண்மீன்களை மட்டும் வைத்துக்கொண்டு, "மைனஸ் வந்ததையெல்லாம் எறிஞ்சிட்டன் சேர்" என்று பெருமையாக ஒரு படத்தைக் காட்டினான். படம் அழகுதான். ஆனால் அதில் தனுசுக் குள்ளனின் விண்மீன் ஒன்றுகூட இல்லை!

கணக்கைப் பாருங்கள். குள்ளனின் மையத்தில் இருக்கும் எம்54 என்ற கோளக் கொத்து சுமார் 86,000 ஒளியாண்டு தூரம், அதன் பராலக்ஸ் 0.04 மில்லிஆர்க்செக்கனுக்கும் (ஒரு பாகையின் 36 லட்சத்தில் ஒரு பங்கு ஒரு மில்லிஆர்க்செக்கன்) குறைவு. 18ஆம் பருமன் அளவுக்கு மங்கலான விண்மீனுக்குக் கையாவின் பிழையே 0.1 அளவில் இருக்கிறது. அப்படியானால் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவை மைனஸில் விழுவது இயல்பு, அது கெட்ட தரவு அல்ல. "தரமான" பராலக்ஸ் மட்டும் வேண்டும் என்று கேட்டால் முன்னால் நிற்கும் பால்வீதி விண்மீன்கள்தான் மிஞ்சும். நெல்லைக் கொட்டிவிட்டுப் பதரை மூட்டை கட்டுகிற வேலை. ஒன்றைப் பராலக்ஸால் வகுத்துத் தூரம் எடுப்பதும் இதே குழிதான்.

தலைகீழாகச் செய்யுங்கள்: பிழைக்குள் பூச்சியத்தோடு ஒத்துப்போகிறவற்றை வைத்துக்கொண்டு, தெளிவாகப் பெரிய பராலக்ஸ் உள்ளவற்றைத் தள்ளுங்கள். அப்புறம் தனி இயக்கத்தை, அதாவது விண்மீன் வானத்தில் ஆண்டுதோறும் நகரும் அளவைப் பாருங்கள். எம்54 ஆண்டுக்கு மேற்கே 2.7, தெற்கே 1.4 மில்லிஆர்க்செக்கன் அளவில் நகர்கிறது. பராலக்ஸை விழுங்கிவிடுகிற அதே 0.1 பிழை இந்த எண்களை ஒன்றும் செய்யாது. தூரம் வேண்டுமென்றால் ஆர்ஆர் லைரா விண்மீன்களை (துடித்து ஒளி மாறும் இவற்றின் உண்மை ஒளிர்வு தெரியும், அதிலிருந்து தூரம் கிடைக்கும்) பிடியுங்கள், கையாவின் மூன்றாம் வெளியீட்டில் அவை 2,70,000க்கு மேல் இருக்கின்றன.

தனுசில் இருப்பதெல்லாம் குள்ளனுடையது என்று நினைப்பது

இல்லை. எம்22 தனுசில்தான் இருக்கிறது, ஆனால் பால்வீதியின் கொத்து, நமக்குக் கிட்ட. பலோமர் 12 மகரத்தில் கிடக்கிறது, அது குள்ளனிடமிருந்து பிய்ந்தது. டெர்சான் 7, டெர்சான் 8, ஆர்ப் 2 இன்னும் குள்ளனின் உடலோடு ஒட்டி நிற்கின்றன.

இடம் ஒத்துப்போனால் போதும் என்று விடுவது

போதாது. தனி இயக்கம், ஆரைத் திசைவேகம் (நம்மை நோக்கியோ விலகியோ போகும் வேகம்), தூரம் மூன்றும் ஓடையோடு பொருந்த வேண்டும். வயதும் கைகொடுக்கும்: பலோமர் 12, டெர்சான் 7 இரண்டும் வழக்கமான கோளக் கொத்துகளைவிட வயது குறைந்தவை.

கோசைனை இரண்டு தடவை பெருக்குவது

கையா தரும் வலஏற்ற (கிழக்கு-மேற்கு) இயக்கத்தில் நடுவரை விலக்கத்தின் (வானத்து அகலாங்கின்) கோசைன் ஏற்கெனவே பெருக்கித்தான் இருக்கிறது. சும்மா விடுங்கள்.