பெங்குயின் பெயர்க் கதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்குயின் என்றதும் அண்டார்க்டிகாதான் நினைவுக்கு வரும். ஆனால் ஆங்கிலத்தில் அந்தப் பெயர் முதலில் வட அட்லாண்டிக்கில் வாழ்ந்த கிரேட் ஆக் என்ற பறவைக்கு உரியது. இதை விட்டுவிட்டுக் கதையைத் தொடங்குவதுதான் பெரிய தவறு.

கிரேட் ஆக் முக்கால் மீட்டர் உயரம் நிற்கும். முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, பறக்காது. கனடாவின் கிழக்குக் கரையிலுள்ள நியூஃபவுண்ட்லாந்துக்கு மீன்பிடிக்கப் போன ஐரோப்பிய மாலுமிகள் அங்குள்ள ஃபங்க் தீவில் அவற்றைக் கூட்டங்கூட்டமாகப் பிடித்துத் தின்றார்கள். அப்புறம் 16ஆம் நூற்றாண்டிலேயே தென் அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள மகெல்லன் நீரிணைப் பக்கம் போன ஆங்கிலேயர்கள், அதே கறுப்பு வெள்ளையில் நிமிர்ந்து நடந்த பறவையைப் பார்த்து, தெரிந்த பெயரையே வைத்துவிட்டார்கள். அதற்கு முன், 1520இல் கடலோடி மகெல்லனோடு போய்ப் பயணக் குறிப்பு எழுதிய பிகாஃபெட்டா அந்தத் தென்பகுதிப் பறவைகளை வாத்துகள் என்றே எழுதியிருக்கிறார்.

பெயர் ஒன்று என்பதால் இரண்டையும் உறவாக்கிவிடாதீர்கள். கிரேட் ஆக், பஃபின் என்ற வடகடல் பறவையின் குடும்பத்தைச் சேர்ந்தது. பெங்குயின் வேறு வரிசை. குழப்பத்தைக் கூட்டுவதுபோல, பிங்குயினஸ் என்ற அறிவியல் பேரினப் பெயர் இன்றும் கிரேட் ஆக்குக்குத்தான்.

வேல்ஸ் மொழியில் 'பென்' தலை, 'க்வின்' வெள்ளை. அதனால் பெங்குயின் என்றால் 'வெள்ளைத் தலை' என்று பலரும் முடிந்த முடிவாக எழுதுகிறார்கள். அப்படி அடித்துச் சொல்ல வேண்டாம். கிரேட் ஆக்கின் தலை கறுப்பு; கண்ணுக்கு முன்னால் ஒரு வெள்ளைத் திட்டு மட்டும் உண்டு. பறவைகள் இருந்த வெண்மையான கடல்முனைதான் அந்த 'வெள்ளைத் தலை' என்பாரும் உண்டு. கொழுப்பைக் குறிக்கும் 'பிங்குயிஸ்' என்ற லத்தீன் சொல்லைக் காட்டுவோரும் இருக்கிறார்கள். எனக்கு வேல்ஸ் விளக்கம் பிடிக்கும், ஆனாலும் 'இருக்கலாம்' என்று எழுதுவதே நேர்மை.

பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒன்று: அங்கே கவனமாக எழுதுபவர்கள் தென்பகுதிப் பறவையை 'மான்ஷோ' என்பார்கள். ஒலியில் பெங்குயினைப் போலிருக்கும் பிரெஞ்சுச் சொல் ஆக் இனத்துக்கு உரியது.

பழைய ஆங்கிலக் கடற்பயணக் குறிப்புகளில் நியூஃபவுண்ட்லாந்துப் பெங்குயின்கள் வந்தால், எழுதியவர் இடத்தைத் தவறாகச் சொல்லிவிட்டார் என்று திருத்திவிடாதீர்கள். அவர் சரியாகவே எழுதினார். அந்தப் பறவைதான் இப்போது இல்லை. இறைச்சிக்கும் இறகுக்கும் எண்ணெய்க்கும் கொன்று தீர்த்து, உறுதியாகத் தெரிந்த கடைசி இணையையும் 1844இல் ஐஸ்லாந்தின் எல்டே தீவில் கொன்றுவிட்டார்கள்.