ஆர்வி-7 பெட்ரோல் டேங்க்: ஒழுகாமல் ஒட்டுகிற வேலை

ஆர்வி-7 என்பது வேன்ஸ் நிறுவனம் பாகங்களாக விற்கிற, நாமே கட்டிக்கொள்கிற சின்ன விமானம். அதன் கிட்டில் டேங்க் என்று தனியாக ஒரு டப்பா வராது. இறக்கையின் முன்விளிம்புதான் டேங்க். அலுமினியத் தகட்டை மடித்து, உள்ளே ரிப்களை, அதாவது இறக்கைக்கு வடிவம் தருகிற குறுக்குத் தகடுகளை நிறுத்தி, பின்பக்கம் பேஃபிள் என்கிற தகட்டால் மூடினால் பக்கத்துக்கு 21 கேலன், அதாவது சுமார் 79 லிட்டர் பிடிக்கும். தகடுகளை இணைக்க நூற்றுக்கணக்கான ரிவெட் ஆணிகள், ஒவ்வொன்றும் ஒரு ஓட்டை. அத்தனையையும் அடைக்கப்போவது பாலிசல்ஃபைடு சீலன்ட் என்கிற அடைப்புப் பசை, கட்டுகிறவர்கள் வாயில் புரோசீல்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒழுகுகிற டேங்க் பெரும்பாலும் சீலன்ட் குறைந்ததால் ஒழுகுவதில்லை, தகடு சுத்தமில்லாததால் ஒழுகுகிறது. என் இடது டேங்கின் கீழ்ப் பின்மூலையில் விரல் தடிமனுக்கு சீலன்ட் அப்பியிருந்தேன், அப்படியும் கசிந்தது. அந்த இடத்தைச் சுரண்டிப் பார்த்தால் சீலன்ட் தோல் உரிகிற மாதிரி முழுசாகக் கையோடு வந்தது, அடியில் தகடு பளபளவென்று இருந்தது. அந்த மூலையை நான் தேய்க்கவே இல்லை.

அதனால் சீலன்ட் படுகிற எல்லா இடத்தையும் மெரூன் நிற ஸ்காட்ச்-பிரைட் தேய்ப்பு நாரால் பளபளப்பு போகிற வரைக்கும் தேயுங்கள். அப்புறம் எம்.இ.கே அல்லது அசிட்டோன் என்கிற கரைப்பானில் நனைத்த வெள்ளைத் துணியால் துடைக்க வேண்டும். திரவம் தானாக உலர விடாதீர்கள். உலர்ந்தால் கரைந்த அழுக்கு திரும்பத் தகட்டிலேயே படியும், ஈரம் இருக்கும்போதே இரண்டாவது காய்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். துணியில் கறுப்பு ஏறாத வரைக்கும் இதையே செய்யுங்கள், அதற்கப்புறம் அந்த இடத்தில் வெறும் கை படக் கூடாது. கதவைத் திறந்து வையுங்கள், கையுறை போடுங்கள், பக்கத்தில் நெருப்பு வேண்டாம்.

சீலன்ட் வெள்ளை பேஸ், அதை இறுக வைக்கிற கறுப்பு என்று இரண்டு பாகம். கலவை எடைக்கு 10-க்கு 1. 40 கிராம் வெள்ளை பேஸ் என்றால் 4 கிராம் கறுப்பு. கண் அளவு உதவாது, 0.1 கிராம் காட்டுகிற தராசு வாங்கிவிடுங்கள். வெள்ளைக் கீற்று ஒன்றுகூடத் தெரியாமல் ஒரே சாம்பல் நிறமாகிற வரைக்கும் கலக்க வேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று கறுப்பைக் கூட்டாதீர்கள். டப்பாவில் இருக்கிற பி-2 என்பதில் அந்த 2, வேலை செய்யக் கிடைக்கிற இரண்டு மணி நேரத்தைக் குறிக்கிறது, அதுவும் 25 டிகிரி வெப்பத்தில். கோடையில் கேரேஜ் கொதிக்கும்போது அவ்வளவு நேரம் கிடைக்காது, அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். ஒவ்வொரு கலவையிலும் ஒரு பொட்டு எடுத்து ஐஸ் குச்சியில் ஒட்டி, தேதி எழுதி வையுங்கள். டேங்கைத் தொட்டுப் பார்க்காமலே இறுகிவிட்டதா என்று அந்தக் குச்சி சொல்லும்.

பூசுவதற்கு ஜிப் பையின் மூலையை வெட்டி மருதாணி கோன் மாதிரி பிடித்துக்கொள்வதுதான் எனக்குக் கைவந்தது. ரிப்பின் விளிம்பில் மெல்லிய பூச்சு, தகட்டில் வைத்து கிளீக்கோ (ஓட்டையில் செருகித் தற்காலிகமாகப் பிடிக்கிற கவ்வி) போட்டு, சீலன்ட் ஈரமாக இருக்கும்போதே ரிவெட் அடிக்க வேண்டும். வெளியே பிதுங்கினதை உடனே துடைத்துவிடுங்கள், காய்ந்த பிறகு அது ஒரு தனி வேலையாகிவிடும். உள்பக்கம் ரிப்பும் தகடும் சேர்கிற கோடு நெடுகச் சீலன்ட் இழுத்து, குச்சியின் உருண்டை முனையால் குழிவாக வழித்துவிடுங்கள். ஒவ்வொரு ரிவெட்டின் உள்தலையிலும் ஒரு பொட்டு. கடைசி ரிப்களின் மூக்கில் இருக்கிற சின்ன டூலிங் ஓட்டையை (தயாரிக்கும்போது தகட்டைப் பிடிக்கப் போட்ட ஓட்டை) மறக்காதீர்கள், பலருக்கு அங்கேதான் ஒழுகும்.

மூடுவதற்கு முன் பெட்ரோல் உறிஞ்சுகிற குழாயின் நட்டை முறைப்படி இறுக்கி அது தளராதபடி சேஃப்டி வயர் என்கிற கம்பி கட்டியாயிற்றா என்று பாருங்கள். அது தளர்ந்தால் டேங்கில் பெட்ரோல் இருந்தும் எஞ்சினுக்குக் காற்றுதான் போகும்.

பேஃபிள்தான் கடைசி, அதை வைத்தபின் உள்ளே கை போகாது. அதனால் சீலன்ட் கோட்டைத் தகட்டின் மேல், ரிவெட் ஓட்டைகளுக்குச் சற்று முன்னால் இழுங்கள். பேஃபிளை நேராகக் கீழே இறக்கும்போது அது சீலன்டைத் தனக்கு முன்னால் தள்ளிக்கொண்டு போய் உள்ளே தானாகவே ஒரு கரை கட்டிக்கொள்ளும். நான்கு மூலைகளிலும் தாராளமாக வையுங்கள். சிக்கனம் பார்க்கிற இடம் இதுவல்ல.

நன்றாக இறுகிய பிறகு சோதனை. கம்ப்ரசரை டேங்க் பக்கமே கொண்டு வராதீர்கள். 1 பி.எஸ்.ஐ (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு) அழுத்தம் என்றால் ஒரு சதுர அடித் தகட்டின்மேல் 65 கிலோ, அதற்கு மேல் போனால் தகடு உப்பிவிடும். டேங்குக்குக் காற்று போகிற வென்ட் குழாயில் ஒரு பலூன் மாட்டி லேசாக ஊதினால் போதும். அழுத்தத்தை அளக்க வேண்டுமென்றால் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை யு வடிவில் வளைத்துத் தண்ணீர் ஊற்றுங்கள், இரண்டு பக்க மட்டத்துக்கும் 70 சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால் அதுதான் 1 பி.எஸ்.ஐ. சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் பூசி, குமிழ் வருகிற இடத்தில் மார்க்கரால் வட்டம் போடுங்கள். ராத்திரி குளிரில் பலூன் சுருங்குவது கசிவல்ல, மறுநாள் வெயில் ஏறினதும் பாருங்கள்.

கசிந்தால் உள்சுவர் முழுக்கப் படிந்து அடைக்கிற ஸ்லாஷ் திரவத்தை உள்ளே ஊற்றி உருட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சில வருடம் கழித்து அது பட்டை பட்டையாக உரிந்து ஃபில்டரை அடைத்திருக்கிறது, பறக்கும்போது எஞ்சின் நிற்கிற விஷயம் இது. ஒரே ஒரு ரிவெட் கசிந்தால் டேங்கிலிருந்து லேசாகக் காற்றை உறிஞ்சிக்கொண்டே வெளியே ஒரு சொட்டு லாக்டைட் 290 என்கிற பச்சை நிற நீர்த்த பசை வைத்தால் அது உள்ளே இழுபட்டு அடைத்துக்கொள்ளும். மூலை கசிந்தால் எட்டுகிற வழியாகப் போய்ப் பழசைச் சுரண்டி எடுத்து, முதலில் செய்தது போலவே தேய்த்துத் துடைத்துப் புதிதாக வைக்க வேண்டும்.

பலூன் தாங்கிவிட்டதா? சரி, இரண்டு கேலன் 100எல்எல் என்கிற விமானப் பெட்ரோல் ஊற்றி ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி ஒரு நாள் வையுங்கள். அதன் நீலச் சாயம் ஊசி முனைக் கசிவையும் காட்டிக்கொடுக்கும். இதைக் கேரேஜுக்கு வெளியே செய்யுங்கள், முக்கியமாக உள்ளே கேஸ் வாட்டர் ஹீட்டரில் எப்போதும் எரிகிற சின்ன பைலட் தீ உள்ள வீடாக இருந்தால்.