தினமும் சுமக்கும் பை: வாங்குவதிலும் அடுக்குவதிலும் நடக்கும் தவறுகள்

கடையில் தொங்கும் பை எதுவானாலும் பார்க்க அம்சமாகத்தான் இருக்கும். உள்ளே கசக்கிய காகிதத்தைத் திணித்து, வார்களை இழுத்துவிட்டு, லேபிளோடு மாட்டியிருப்பார்கள். அதைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்தால் யாருக்கும் பிடித்துவிடும்; எடையே இல்லையே! லேப்டாப், சார்ஜர், சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், குடை எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு தாம்பரம் – கடற்கரை மின்சார ரயிலில் காலை எட்டரை மணிக்கு ஏறும்போதுதான் அந்தப் பையின் குணம் தெரியவரும். அதற்குள் பில் எங்கேயோ போயிருக்கும்.

பை வாங்குவதில் நடக்கும் பெரிய தவறே இதுதான். காலிப் பையைப் பார்த்து வாங்குகிறோம், நிறைந்த பையைச் சுமக்கிறோம். பழைய பையை அதில் இருக்கும் சாமான்களோடு கடைக்கே எடுத்துக்கொண்டு போங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. எல்லாவற்றையும் புதுப் பைக்கு மாற்றி ஜிப்பை மூடிப் பாருங்கள். டப்பா சாயாமல் நிமிர்ந்து நிற்கிறதா? பக்கவாட்டில் இருக்கும் வலைப் பையில் பாட்டில் நுழைகிறதா? காலியாக இருக்கும்போது தாராளமாக நுழையும். உள்ளே நிரம்பியதும் பை உப்பி, அந்த இடத்தைத் தின்றுவிடும். அப்புறம் பாட்டில் பாதியில் நிற்கும், பஸ் ஒரு திருப்பம் திரும்பினால் உருண்டு ஓடும்.

ஆன்லைனில் வாங்குகிறவர்களுக்கு இந்த வசதி இல்லை. அவர்கள் நம்புவது அளவுகளை. 15.6 இன்ச் லேப்டாப்புக்குப் பொருந்தும் என்று போட்டிருந்தால், அது திரையின் மூலைக்கு மூலை அளவு. லேப்டாப்பின் நீளம், அகலம், தடிமன் மாடலுக்கு மாடல் மாறும். கேமிங் லேப்டாப் என்றால் தடிமனிலேயே மாட்டிக்கொள்ளும். ஸ்கேலை எடுத்து மூன்று பக்கமும் அளந்து, பையின் உள்ளளவோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வழி.

எத்தனை லிட்டர் பை வேண்டும்? ஆபீஸ் போய் வர 20 முதல் 25 லிட்டர் தாராளம். எதற்கும் இருக்கட்டுமே என்று 35 லிட்டர் வாங்குகிறவர்கள் உண்டு. இடம் இருந்தால் அது நிரம்பாமல் இருக்காது. போன மாதத்து ரசீதுகள், எழுதாத இரண்டு பேனா, எந்தப் போனுக்கும் சேராத ஒரு சார்ஜர் கேபிள், யாரோ கொடுத்த கல்யாணப் பத்திரிகை எல்லாம் தானாக வந்து குடியேறும்.

எடையையும் ஒரு முறை கூட்டிப் பாருங்கள். காலிப் பையே ஒரு கிலோ. லேப்டாப்பும் சார்ஜரும் இரண்டு கிலோவைத் தாண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, அதை வைத்திருக்கும் ஸ்டீல் பாட்டில் தனி. சாப்பாடு ஒரு கிலோ. குடை, பவர் பேங்க், சில்லறைச் சாமான்களைச் சேர்த்தால் ஆறு கிலோவை எட்டிவிடும். உள்நாட்டு விமானத்தில் கைப்பைக்குப் பொதுவாக அனுமதிக்கும் அளவே 7 கிலோதான்! பள்ளிப் பிள்ளைகளின் பை உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்று மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டு பள்ளிப் பைக் கொள்கை சொல்கிறது. பெரியவர்களுக்கு யாரும் கணக்கு வைப்பதில்லை, நாமே வைத்துக்கொண்டால் உண்டு. எடையைக் குறைக்கச் சுலபமான இடம் தண்ணீர். ஆபீஸில் குடிதண்ணீர் இருக்கும்போது வீட்டிலிருந்து ஒரு லிட்டரை நிரப்பிக்கொண்டு போவானேன்? வழிக்கு அரை லிட்டர் போதும்.

ஜிப், துணி, ரெக்ஸின்

பை வாங்கும்போது எல்லோரும் துணியைத் தடவிப் பார்க்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் முதலில் போவது ஜிப். அதிலும் பல்வரிசை போவதற்கு முன்பே, அதை இழுத்து மூடும் ரன்னர் தளர்ந்துவிடும். மூடிக்கொண்டே போனால் பின்னாலேயே வாய் திறந்துகொண்டு வரும். ரன்னரின் பின்பக்கம் பாருங்கள். பல ஜிப்களில் 5, 8, 10 என்று ஒரு எண் இருக்கும். மூடிய பல்வரிசை ஏறக்குறைய எத்தனை மில்லிமீட்டர் அகலம் என்பதைக் குறிப்பது அது. பெரிய அறைக்கு 8 அல்லது 10 இருந்தால் நல்லது. 5 என்பது சின்ன அறைகளுக்குச் சரி. வளைவான மூலையில் ரன்னரை ஒற்றைக் கையால் இழுத்துப் பாருங்கள். காலிப் பையிலேயே சிக்கினால், நிறைந்த பையில் அது நகரவே நகராது. ரன்னர் மட்டும் போனதற்காகப் பையைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பை ரிப்பேர் செய்பவரிடமோ, செருப்பு தைக்கிறவர்களில் இந்த வேலையும் செய்பவரிடமோ கொடுத்தால் புது ரன்னர் போட்டுக் கொடுத்துவிடுவார். ஜிப் இறுக்கமாக ஓடுகிறது என்றால் பல்வரிசையில் மெழுகுவத்தியை லேசாகத் தேய்த்தாலே போதும்.

துணிக்கு டீனியர் என்று ஒரு எண் சொல்வார்கள். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் இருக்கிறது என்பதுதான் அந்தக் கணக்கு. 1680 என்றால் நூல் தடிமன், அவ்வளவுதான். எண் பெரிதாக இருப்பதால் மட்டும் பை உறுதியாகிவிடாது. ஒரே எண்ணுள்ள பாலியஸ்டரைவிட நைலான் உரசலைக் கூடுதலாகத் தாங்கும். அதைவிட முக்கியம் தையல். தோள்வார் பையோடு சேரும் இடத்தையும் மேல் கைப்பிடியையும் திருப்பிப் பாருங்கள். சதுரம் போட்டு நடுவில் குறுக்காக இரண்டு கோடு தைத்திருந்தால் தாங்கும். ஒரே ஒரு வரி தையலில் தொங்கினால், மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேண்டாம்.

லேப்டாப் அறைக்குள் கையை விட்டு அடிவரை தொட்டுப் பாருங்கள். அந்த அறை பையின் அடித்தட்டுக்கு ஒரு அங்குலமாவது மேலே முடிய வேண்டும். அடிவரை இறங்கினால், பையை நீங்கள் தரையில் தொப்பென்று வைக்கிற ஒவ்வொரு முறையும் லேப்டாப்பின் மூலைதான் முதலில் அடி வாங்கும்.

தோல் மாதிரியே இருக்கும் ரெக்ஸின் பைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். துணிமேல் பாலியூரித்தேன் பூசிச் செய்த ரகம், சென்னை போன்ற கடலோர ஊர்களில் காற்றின் ஈரத்தாலேயே மெல்ல மெல்லச் சிதைந்து, பிசுபிசுத்து உரியத் தொடங்கும். பத்திரமாக இருக்கட்டும் என்று பீரோவில் பூட்டி வைத்தாலும் உரியும். அழகுக்காக வாங்கினால் சரி. பத்து வருஷம் உழைக்கும் என்று நினைத்து வாங்காதீர்கள்.

சாம்பாரும் லேப்டாப்பும்

இந்த ஊர்ப் பையின் முதல் எதிரி திருடனும் இல்லை, மழையும் இல்லை; சாம்பார். லேப்டாப்பும் குழம்பு டப்பாவும் ஒரே அறையில் போவதைப் பார்த்தால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. வெறும் தண்ணீர் கொட்டினால் காய வைத்துப் பிழைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. உப்பும் புளியும் சேர்ந்த குழம்பு மின்சாரத்தையும் கடத்தும், உள்ளே இருக்கும் உலோகத்தையும் அரிக்கும்.

டப்பா ஏன் கசிகிறது? பெரும்பாலும் மூடியின் குற்றம் இல்லை, மூடும் நேரத்தின் குற்றம். காலை அவசரத்தில் கொதிக்கக் கொதிக்க ஊற்றி, உடனே மூடி இறுக்குகிறோம். உள்ளே அடைபட்ட காற்று சூடேறி விரியும்போது குழம்பை விளிம்பு வழியாக வெளியே தள்ளும். அதுவே ஆறிச் சுருங்கினால் மூடியை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மதியம் டப்பாவைத் திறக்க இரண்டு பேர் வேண்டியிருக்கும். பத்து நிமிடம் ஆறவிட்டு, மேலே ஒரு விரல்கடை இடம் விட்டு மூடினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மூடிக்குள் இருக்கும் ரப்பரைக் கழற்றிக் கழுவுகிறீர்களா? அதன் அடியில் ஒரு சோற்றுப் பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தாலே போதும், அந்த இடத்தில் மூடி உட்காராது. ரப்பர் தளர்ந்துபோனால் அதை மட்டும் மாற்ற முடிகிறதா என்று பாத்திரக் கடையில் கேட்டுப் பாருங்கள். ஊறுகாய் டப்பாவுக்குத் தனி மரியாதை வேண்டும். தண்ணீர் நிற்கும் மூடியில்கூட எண்ணெய் நிற்காது, மரை வழியே ஏறி வந்துவிடும். அதைச் சின்னக் கவரில் போட்டு முடிச்சுப் போடுவதுதான் நல்லது.

என்னைக் கேட்டால், சாப்பாட்டுக்குத் தனிப் பை. அகலமான அடியுள்ள சின்ன லஞ்ச் பை ஒன்று போதும், டப்பாக்கள் சாயாமல் நிற்கும். கையில் இரண்டு பையா என்று சலித்துக்கொள்பவர்கள், லேப்டாப்பைத் தனியாக ஒரு உறையில் போட்டாவது முதுகுப் பக்கம் வையுங்கள். பாட்டிலுக்கு இடம் வெளியேதான். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சாதாரண பாட்டிலைப் பைக்குள் வைத்தால் மூடி கசியாவிட்டாலும் வெளிப்பக்கம் முழுவதும் வியர்த்து, பக்கத்தில் இருக்கும் காகிதங்களை நனைத்துவிடும்.

மீறிக் கொட்டிவிட்டால் லேப்டாப் வேலை செய்கிறதா என்று ஆன் செய்து பார்க்காதீர்கள். ஓடிக்கொண்டிருந்தால் உடனே அணைத்து, கவிழ்த்துவைத்து, சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். அரிசி மூட்டைக்குள் புதைப்பதால் தூசி சேருவதைத் தவிர லாபம் இல்லை.

இன்னொன்று: மடக்கினாலே லேப்டாப் தூங்கிவிடும் என்று நம்பிப் பைக்குள் போடுவது. சில சமயம் அது உள்ளே விழித்துக்கொள்ளும். காற்றுப் போக வழியில்லாமல் கொதித்து, வீடு போய்த் திறந்தால் பேட்டரி காலி. கிளம்பும்போது ஷட் டவுன் செய்துவிடுங்கள்.

மழையும் கூட்டமும்

வாட்டர்ப்ரூஃப் என்ற சொல்லை அப்படியே நம்பக் கூடாது. துணியில் தண்ணீர் இறங்காமல் இருக்கலாம். தையல் ஓட்டைகளிலும் ஜிப்பிலும் இறங்கும். ரெயின் கவர் போட்டாலும் முதுகுப் பக்கம் திறந்துதான் இருக்கும். பைக்கில் போகும்போது முதுகில் வழியும் தண்ணீர் அந்த வழியாகவே போய், கவரின் அடியில் குளம்போலத் தேங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உருப்படியான பாதுகாப்பு பைக்கு உள்ளேதான் இருக்கிறது. கெட்டியான பெரிய பிளாஸ்டிக் உறை ஒன்றைப் பைக்குள் விரித்து, லேப்டாப்பையும் காகிதங்களையும் அதற்குள் போட்டு வாயை மடித்துவிடுங்கள். நனைந்த குடையை உள்ளே வைப்பதானால் அதற்கும் தனியாக ஒரு உறை வேண்டும்.

கூட்ட நெரிசலில் முதுகுப் பையை மார்புப் பக்கம் மாட்டிக்கொள்வது உங்களுக்கும் நல்லது, பின்னால் நிற்பவர் முகத்துக்கும் நல்லது. பர்ஸும் போனும் வெளி ஜிப்பில் இருக்கவே கூடாது; முதுகை ஒட்டிய அறை அவற்றுக்கு. ரயிலில் மேலே பலகையில் வைத்துவிட்டு இறங்கிவிடுபவர்கள் ஏராளம். அப்படி விட்டுவிட்டால் கூப்பிட ரயில்வே உதவி எண் 139. பைக்குள் ஒரு சீட்டில் உங்கள் போன் எண்ணை எழுதிப் போடுங்கள், முகவரி வேண்டாம். வீட்டுச் சாவியும் வீட்டு முகவரியும் ஒரே பையில் இருப்பது, எடுத்தவருக்கு வழி சொல்லிக் கொடுப்பதாகும்.

ஆதார், பான், ஆர்.சி., லைசென்ஸ் எல்லாவற்றின் ஒரிஜினலையும் தினமும் சுமப்பதும் தேவையில்லாதது. அரசின் டிஜிலாக்கர் செயலியில் இருக்கும் லைசென்ஸையும் ஆர்.சி.யையும் ஏற்றுக்கொள்ளும்படி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2018-லேயே மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டது.

பவர் பேங்க் 10,000 எம்.ஏ.ஹெச். போதும். மின்னழுத்தத்தை மாற்றுவதில் ஒரு பங்கு வீணாவதால் போனுக்குப் போய்ச் சேருவது அதில் மூன்றில் இரண்டு பங்கு அளவுதான் இருக்கும். ஒரு நாளுக்கு அதுவே அதிகம். பவர் பேங்க் இருக்கும் பையை வெயிலில் நிறுத்திய காரிலோ ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலோ விட்டுப் போகாதீர்கள், சூட்டில் லித்தியம் பேட்டரி உப்பிவிடும். சாவிக்கொத்தைப் போன் இருக்கும் அறையில் போடாதீர்கள். அந்த அறையில் மணலும் சேரவிடாதீர்கள்; போன் கண்ணாடியில் கீறல் போட மணல் துகள் ஒன்றே போதும்.

அடுக்கும்போது கனமானது முதுகை ஒட்டி, லேசானது வெளிப்பக்கம். பலர் லேப்டாப்பை முதுகுப் பக்கம் வைத்துவிட்டு, தண்ணீரையும் டப்பாவையும் முன் அறையில் போட்டுவிடுவார்கள். பை பின்னால் இழுக்கும்; அதைச் சமாளிக்க உடம்பு முன்னால் சாயும்; சாயங்காலம் கழுத்து வலிக்கும். வாரைத் தளர்த்தி இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டால் இன்னும் மோசம்.

வைக்காமல் விடுவதும் தவறுதான். மடித்து வைத்த ஒரு துணிப் பை எப்போதும் இருக்கட்டும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் அரசே ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று இயக்கம் தொடங்கியது. சாயங்காலம் ஸ்டேஷன் வாசலில் கீரைக்கட்டு வாங்கினால் அதை லேப்டாப் பைக்குள் திணிக்காமல் கையில் கொண்டுபோகலாம்.

வாரம் ஒரு நாள் பையைக் கவிழ்த்து உதறுங்கள். அழுக்கானால் வாஷிங் மெஷினில் போட வேண்டாம். உட்பூச்சு உரிந்து, ஸ்பாஞ்சும் கட்டிதட்டிப் போகும். சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டு, எல்லா ஜிப்பையும் திறந்து, தலைகீழாக நிழலில் தொங்கவிடுங்கள். மழைக்காலத்தில் ஸ்பாஞ்சு காய இரண்டு நாள்கூட ஆகும். அதுவரை மடித்து உள்ளே வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும், அந்த வாடை லேசில் போகாது.