காமியானெட்ஸைத் தப்பாகப் பார்ப்பது எப்படி

உக்ரைனின் செர்னிவ்ட்ஸி நகரத்தில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு லீவு நாளில் நானும் அறைத்தோழனும் பஸ் ஏறி காமியானெட்ஸ்-போடில்ஸ்கி போனோம். கோட்டைக்குள் நாலு மணி நேரம் சுற்றினோம். கோபுரம் கோபுரமாக ஏறிப் படம் எடுத்தோம். பழைய ஊரை வேகமாக நடந்து கடந்ததோடு சரி. அடுத்த வருடம் மறுபடி போனபோதுதான் முதல் முறை எவ்வளவு கோட்டைவிட்டிருக்கிறோம் என்று தெரிந்தது. மேற்கு உக்ரைனில் இருக்கும் இந்தச் சின்ன நகரத்தைப் பற்றிப் பேசுகிறவர்களும் எழுதுகிறவர்களும் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகளில் பாதியை நானே செய்திருக்கிறேன்.

முதலில் பெயர். 'காமின்' என்றால் உக்ரைன் மொழியில் கல். கல் இருக்கும் இடமெல்லாம் இதே சாயலில் ஓர் ஊர் இருக்கிறது. முன்பு த்னிப்ரோசெர்ஜின்ஸ்க் என்று இருந்து 2016இல் பெயர் மாறிய காமியன்ஸ்கே, த்னிப்ரோ ஆற்றங்கரைத் தொழில் நகரம். பெலாரஸிலும் ஒரு காமெனெட்ஸ் உண்டு. நாம் தேடுவது போடில்யா வட்டாரத்தில் இருப்பது. அதனால் 'போடில்ஸ்கி' என்ற வாலை வெட்டிவிட்டு மேப்பில் தேடாதீர்கள்.

அடுத்தது படக் குழப்பம். இருபது கிலோமீட்டர் சொச்சம் தெற்கே, த்னிஸ்டர் ஆற்றின் கரையில் ஹோட்டின் கோட்டை இருக்கிறது. 'காமியானெட்ஸ் கோட்டை' என்று இணையத்தில் சுற்றும் படங்களில் சில ஹோட்டினுடையவை. அடையாளம் சுலபம். உயரமான மதிலில் செங்கல்லால் கோலம் போட்டதுபோல வடிவங்கள், காலடியில் அகலமான ஆறு என்றால் அது ஹோட்டின். கூம்புக் கூரை போட்ட பல கோபுரங்கள், பக்கத்தில் உயரமான கல் பாலம் என்றால் காமியானெட்ஸ். போலந்துப் படையும் கொசாக்குகளும் (உக்ரைன் புல்வெளியின் போர்வீரர்கள்) சேர்ந்து துருக்கிச் சுல்தான் இரண்டாம் உஸ்மானை 1621இல் எதிர்த்து நின்றதும் ஹோட்டினில்தான். அதையும் சிலர் தூக்கி இங்கே வைத்துவிடுகிறார்கள்.

நான் செய்த தவறுக்கு வருகிறேன். கோட்டைதான் ஊரைக் காத்தது என்று நினைப்பது. பழைய ஊர் ஒரு பாறை மேட்டின் மேல் இருக்கிறது. ஸ்மோத்ரிச் ஆறு அதைச் சுற்றி வளைந்து, ஏறத்தாழ நாற்பது மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் வெட்டியிருக்கிறது. கிட்டத்தட்ட ஒரு தீவு. ஒரே ஓர் ஒடுங்கிய கழுத்துதான் வழி. அந்தக் கழுத்தில்தான் கோட்டை. மதில் என்றால் அந்தப் பள்ளத்தாக்குதான். கோட்டை அதற்குப் போட்ட பூட்டு. இது மேலே நின்று பார்த்தால் விளங்காது, கீழே இறங்க வேண்டும். ஆற்றோரம் நடந்தால் ருத்தேனிய வாசல் (ருத்தேனியர் என்றால் இன்றைய உக்ரைனியரின் முன்னோர்), போலந்து வாசல் என்று இரண்டு காவல் வாசல்கள் வரும். பகைவர் வந்தால் மதகை அடைத்து ஆற்றுநீரைத் தேக்கிப் பள்ளத்தாக்கையே நிரப்பும் ஏற்பாடு அங்கே இருந்தது. முதல் முறை போனபோது, அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. பெரும்பாலான ஒருநாள் பயணிகளுக்கும் தெரியாது. கோட்டைக்கு ஒரு மணி நேரம் குறைத்துக்கொண்டு இதற்குக் கொடுங்கள்.

'யாராலும் பிடிக்க முடியாத கோட்டை' என்றும் எழுதுவார்கள். உஸ்மான் சுல்தான் "இந்த ஊருக்கு அரண் போட்டது யார்?" என்று கேட்டானாம். "கடவுள்" என்று பதில் வந்ததும், "அப்படியானால் கடவுளே வந்து பிடிக்கட்டும்" என்று திரும்பிப் போனானாம். கதை அழகுதான். ஆனால் 1672 ஆகஸ்டில் சுல்தான் நான்காம் மெஹ்மெத் பெரும்படையோடு வந்தபோது, ஊர் இரண்டு வாரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. உள்ளே இருந்த படை அவ்வளவு சிறியது. சரணடைந்த வேளையில் கோட்டையில் வெடிமருந்து வெடித்துப் பலர் செத்தார்கள். இந்த வெடிப்பு ஒரு புகழ்பெற்ற போலந்து நாவலில் வீரத் தியாகமாக வருகிறது. நாவலின் நாயகன் மிகாவ் வொவொதியோவ்ஸ்கி. வெடிப்பில் செத்த நிஜ அதிகாரியின் பெயர் யெஜி வொவொதியோவ்ஸ்கி. இரண்டையும் ஒன்றாக்கிவிட வேண்டாம்.

அப்புறம் 'துருக்கிப் பாலம்'. பெயரைப் பார்த்துத் துருக்கியர் கட்டியது என்று முடிவுகட்டிவிடுகிறோம். பாலம் அவர்கள் வருவதற்கு முன்பே இருந்தது. அவர்கள் அதைப் பலப்படுத்தினார்கள். 1699இல் கார்லோவிட்ஸ் உடன்படிக்கையோடு ஊர் போலந்துக்குத் திரும்பும் வரை 27 வருட ஆட்சி. அதன் தடத்தைப் பாலத்தில் தேடுவதைவிட, புனித பேதுரு பவுல் பேராலயத்துக்குப் போய்ப் பாருங்கள். ஆலயத்தை மசூதியாக்கியபோது ஒட்டிக் கட்டிய மினார் இன்னும் நிற்கிறது. 1756இல் அதன் உச்சியில் பொன் பூசிய மரியன்னை சிலையை ஏற்றினார்கள். மினாரை இடிக்காமல் அதன் தலையில் மாதாவை நிறுத்திய அந்தக் காட்சிக்காகவே இந்த ஊருக்கு மறுபடி போகலாம். டொமினிக்கன் ஆலயத்தில் கல்லால் ஆன துருக்கிப் பிரசங்க மேடையும் உண்டு.

இந்த ஊரை 'உக்ரைன் ஊர்', 'போலந்து ஊர்' என்று ஒற்றைச் சொல்லில் அடக்குவதும் சரிவராது. ருத்தேனியர், போலந்துக்காரர், ஆர்மீனியர் என்று மூன்று சமூகங்களும் இங்கே தனித்தனி நிர்வாகம் வைத்திருந்தார்கள். ஆர்மீனியச் சந்தைச் சதுக்கம் இன்றும் அந்தப் பெயரில் இருக்கிறது. பலர் போலந்துச் சதுக்கத்தோடு திரும்பிவிடுகிறார்கள். 1919இல் உக்ரைன் மக்கள் குடியரசின் அரசு கொஞ்ச காலம் இங்கிருந்து இயங்கியது.

சின்னத் தவறுகள் இரண்டு. ரோமானியர் காலத்து ஊர் என்பார்கள். உறுதியாக ஆவணம் கிடைப்பது 14ஆம் நூற்றாண்டிலிருந்துதான். யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் என்பார்கள். 1989இல் பரிந்துரைப் பட்டியலில் ஏறியதோடு நிற்கிறது.

1941ஐ விட்டுவிட்டு இந்த ஊரின் வரலாற்றை எழுதுவது சின்னத் தவறு இல்லை. ஆகஸ்ட் 26 முதல் 28 வரை மூன்றே நாளில் 23,600 யூதர்களை நாஜிகள் ஊருக்கு வெளியே சுட்டுக் கொன்றார்கள். அதில் பெரும்பகுதி ஹங்கேரியிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்கள். யூதப் படுகொலை என்றதும் விஷவாயு முகாம்கள் நினைவுக்கு வருகின்றன. அவற்றுக்கு முன்பே, துப்பாக்கியால், இந்த அளவில் நடந்த முதல் கொலை இது.

கடைசியாக, பழைய பயணக் குறிப்புகளை நம்பி இப்போது கிளம்பிவிடாதீர்கள். 2022 பிப்ரவரியிலிருந்து ராணுவச் சட்டம், இரவு ஊரடங்கு, பயணிகள் விமானத்துக்கு வான்வெளி மூடல். என் கைப்பேசியில் அந்தப் பள்ளத்தாக்கின் படங்கள் பன்னிரண்டு இருக்கின்றன. எல்லாம் இரண்டாம் முறை எடுத்தவை.