பழைய குடும்பப் படங்களைப் புதுப்பிக்கக் கொடுக்கும்போது காசை வீணாக்கும் தவறுகள்

பழைய படங்களை ஸ்கேன் செய்யவோ சரிசெய்யவோ கொடுக்கப் போகிறவர்கள் வாயிலிருந்து முதலில் வரும் கேள்வி, "ஒரு படத்துக்கு எவ்வளவு?" என்பதுதான். அதற்கு ஒற்றைப் பதில் கிடையாது. ஸ்கேன் என்பது எண்ணிக்கைக் கணக்கு. நூறு படம் என்றால் நூறு படத்துக்கான கூலி. சீரமைப்பு என்பது நேரக் கணக்கு. ஒருவர் கணினி முன் எத்தனை மணி நேரம் உட்கார வேண்டும் என்பதைப் பொறுத்தது. இரண்டையும் ஒன்றாகக் கட்டி, "எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று பேசி முடிக்கிறவர், பெரும்பாலும் எல்லாப் படங்களையும் ஒரே மென்பொருளுக்குள் தள்ளி எடுத்துத் தரப்போகிறார் என்று புரிந்துகொள்ளலாம்.

சேதம் எவ்வளவு பெரியது என்பதை விட, அது எங்கே இருக்கிறது என்பதுதான் சீரமைப்பின் விலையைத் தீர்மானிக்கிறது. ஒரு படத்தின் மூலையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. பின்னால் இருப்பது வெறும் சுவர். கைதேர்ந்தவருக்கு அது சில நிமிட வேலை. இன்னொரு படத்தில் நூல் இழை போல ஒரே ஒரு மடிப்பு. ஆனால் அது குழுப் படத்தில் மிளகு அளவே உள்ள ஒரு முகத்தின் கண் வழியே போகிறது. அங்கே உருவம் பதிந்த மேற்படலம் உதிர்ந்திருந்தால் நிரப்புவதற்குத் தகவலே இல்லை. அதே ஆளின் அதே வயதுப் படம் இன்னொன்று இருந்தால் அதைப் பார்த்துத்தான் கண்ணை வரைய வேண்டும். ஆகவே சேதமான படத்தை மட்டும் தனியாக நீட்டாதீர்கள். அந்த முகம் உள்ள வேறு படங்களையும் சேர்த்துக் கொடுத்தால் கூலியும் குறையும், முகமும் பிழைக்கும்.

என் கட்சி இதுதான்: பணத்தை முதலில் ஸ்கேனில் போடுங்கள், சீரமைப்பில் கஞ்சத்தனம் காட்டுங்கள். ஸ்கேன் ஒருமுறை ஒழுங்காக முடிந்துவிட்டால், சீரமைப்பை அடுத்த ஆண்டும் செய்யலாம், பத்து ஆண்டு கழித்தும் செய்யலாம். காகிதப் படமோ நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்குகிறது. நடைமுறையில் பெரும்பாலோர் செய்வது தலைகீழ். கைபேசியில் அவசரமாக எடுத்த மங்கல் பிரதி ஒன்றை அனுப்பி, அதைச் சீரமைக்கப் பெரும் தொகை தருகிறார்கள். பிறகு பெரிதாக அச்சிட வேண்டும் என்றதும் முதலிலிருந்து எல்லாம் மறுபடி.

டி.பி.ஐ. என்னும் எண் விளையாட்டு

ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளிகளை ஸ்கேனர் எடுக்கிறது என்பதே டி.பி.ஐ. எண் பெரிதானால் விலையும் ஏறும் என்பதால் இங்கேதான் அதிகமானோர் ஏமாறுகிறார்கள். நாலுக்கு ஆறு அங்குலப் படத்தை 300 டி.பி.ஐ.யில் எடுத்தால் 1200க்கு 1800 பிக்சல், அதாவது சுமார் 22 லட்சம் புள்ளிகள். அதே அளவில் திரும்ப அச்சிட இது போதும். 600 என்றால் 86 லட்சம். இரு மடங்கு பெரிதாக்கலாம். 1200 என்றால் மூன்றரைக் கோடிக்கு அருகில், அமுக்கப்படாத டிஃப் (தரம் குறையாமல் சேமிக்கும் பட வடிவம்) கோப்பாக ஒரு படத்துக்கு நூறு எம்.பி.க்கு மேல். சாதாரணக் காகிதப் பிரதியில் அவ்வளவு நுணுக்கம் பெரும்பாலும் இருப்பதில்லை. காகிதத்தின் நாரையும் தூசியையும் காசு கொடுத்துப் பெரிதாக்கிக்கொள்வதுதான் மிச்சம். கட்டைவிரல் அளவே உள்ள சிறிய படங்களுக்கு மட்டும் 1200 கேட்கலாம்.

நெகட்டிவ் என்றால் இந்தக் கணக்கு முழுக்க மாறிவிடும். 35 மி.மீ. நெகட்டிவின் ஒரு சட்டம் 36க்கு 24 மில்லிமீட்டர்தான். காகிதப் படத்துக்குப் போதுமான அதே 600ஐ இதற்கும் வைத்தால் கிடைப்பது ஐந்து லட்சம் பிக்சல் கூட இல்லை. 3000 டி.பி.ஐ. வைத்தால் ஒரு கோடியே இருபது லட்சம். "எல்லாமே 600இல் எடுத்துத் தருகிறோம்" என்று சொல்லும் இடத்தில் நெகட்டிவ்களைக் கொடுக்காதீர்கள். எண்ணைக் கேட்கும்போது அது ஆப்டிகல் அளவா என்பதையும் கேளுங்கள். உணரி உண்மையில் பார்க்காமல் மென்பொருள் ஊகித்து ஊதிப் பெருக்கிய எண்ணை விளம்பரத்தில் போடுகிறவர்கள் உண்டு.

படம் கிழிந்திருக்கிறது என்று சீரமைப்புக்கு ஓடும் முன் வீட்டைக் குடைந்து நெகட்டிவ் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஸ்டூடியோ உறைகளின் உள்மடிப்பில், ஆல்பத்தின் கடைசி அட்டைக்குப் பின்னால், துணி அலமாரியின் அடியில் விரித்த தாளுக்குக் கீழே அவை ஒளிந்திருக்கும். காகிதப் பிரதியில் விழுந்த கிழிசல், கறை, மடிப்பு எதுவும் நெகட்டிவில் இருக்காது. பல மணி நேரச் சீரமைப்புக் கூலி ஒரே ஒரு ஸ்கேன் கூலியாகச் சுருங்கிவிடும். ஆனால் கறுப்பு வெள்ளை நெகட்டிவுக்கு "தானியங்கித் தூசி நீக்கம்" என்று தனிக் கட்டணம் கேட்டால் தலையாட்டாதீர்கள். அந்த நுட்பம் அகச்சிவப்புக் கதிரை வைத்துத் தூசியைக் கண்டுபிடிக்கிறது. கறுப்பு வெள்ளை ஃபிலிமில் உருவத்தை உண்டாக்குவதே வெள்ளித் துகள்தான். அது அகச்சிவப்பை மறிக்கும். எது தூசி, எது தாத்தாவின் மீசை என்று இயந்திரத்துக்குத் தெரியாது.

வண்ணப் படம் சிவந்துபோவது இன்னொரு சங்கதி. 1970களின் வண்ணப் பிரதிகள் பலவற்றில், நிறத்தைத் தரும் மூன்று சாயங்களில் நீலப்பச்சைச் சாயம் மற்ற இரண்டையும் முந்திக்கொண்டு மங்கியது. ஆல்பத்துக்குள் இருட்டில் கிடந்தாலும் மங்கியது. அதனால்தான் அந்தக் காலத்து ஆட்கள் எல்லோரும் செம்மண் புழுதியில் நிற்பது போல இருக்கிறார்கள். இதைச் சரிசெய்வது நிறத் திருத்தம், சீரமைப்பு அல்ல. ஒரே சுருளில் எடுத்த படங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி மங்கியிருக்கும் என்பதால் ஒன்றுக்குச் செய்த திருத்தம் மற்றவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும். இதற்குச் சீரமைப்பு விலை கொடுக்க வேண்டியதில்லை. மங்கிய படங்களை 16 பிட்டில், அதாவது நிறப் படிகள் மிக அதிகமாக வரும்படி, ஸ்கேன் செய்யச் சொல்வதற்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். மங்கிய படம் அதில் சிறு பகுதியையே பயன்படுத்தும். அதை இழுத்து விரித்தால் வானம் பட்டை பட்டையாகப் பிளந்து தெரியும்.

வீட்டிலேயே நடக்கும் சேதம்

சீரமைப்புச் செலவைப் பல மடங்காக்குவது பெரும்பாலும் நம் கைகள்தான். சட்டத்துக்குள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தை நகத்தால் நெம்பிப் பிரிப்பதை விடப் பெரிய தவறு கிடையாது. ஜெலட்டின் படலம் ஈரத்தில் இளகிக் கண்ணாடியைப் பிடித்திருக்கும். பிரித்தால் காகிதம் உங்கள் கைக்கு வரும், முகம் கண்ணாடியில் தங்கிவிடும். கண்ணாடியோடு சேர்த்தே பிரதி எடுக்கலாம். ஆனால் மெலிந்த வகை ஸ்கேனர்கள் பெரும்பாலும் தம் கண்ணாடியில் நேராகப் படிந்திருப்பதை மட்டுமே தெளிவாகப் பார்க்கும். இரண்டு மில்லிமீட்டர் விலகினாலும் மங்கிவிடும். இந்த வேலைக்கு, சற்றுத் தள்ளியிருப்பதையும் தெளிவாகப் பார்க்கும் தடித்த சி.சி.டி. வகை ஸ்கேனரோ, இருபுறமும் 45 பாகைச் சாய்வில் விளக்கு வைத்து எடுக்கும் கேமராவோ வேண்டும். "கண்ணாடியிலிருந்து கழற்றிக்கொண்டு வாருங்கள்" என்று சொல்கிறவரிடமிருந்து படத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஈரத் துணியால் துடைப்பதும் அப்படித்தான். பூஞ்சை பிடித்த ஜெலட்டின் தண்ணீரில் கரையக்கூடியதாக ஆகியிருக்கலாம். ஒரே துடைப்பில் கறையும் போகும், ஆளும் போவார். மென்மையான உலர்ந்த தூரிகைக்கு மேல் எதுவும் வேண்டாம். செல்லோ டேப், லேமினேஷன், பின்பக்கத்தில் அழுத்தி எழுதும் பால்பாயின்ட் பேனா இவை மூன்றும் பாதுகாப்பு என்ற பெயரில் நடக்கும் சேதம். ஒட்டும் பக்கங்கள் கொண்ட ஆல்பத்தில் படம் வரவில்லை என்றால் பல் இடுக்குக்கான நூலை அடியில் விட்டு மெல்ல அறுத்துப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் பக்கத்தோடு ஸ்கேன் செய்யலாம்.

மொத்தமாக, மலிவாக என்று விளம்பரம் வந்தால், படங்களைத் தட்டையாக வைத்து எடுக்கிறார்களா, உருளைக்குள் செலுத்தி எடுக்கிறார்களா என்று கேளுங்கள். உருளை வேகமானது, அதனால் மலிவு; உறுதியான, சுருளாத பிரதிகளுக்குப் பரவாயில்லை. ஓரம் சிதைந்த படம் அதில் சிக்கினால் கிழியும். உணரியில் ஒரு தூசி உட்கார்ந்துவிட்டால், அடுத்து வரும் நூற்றுக்கணக்கான படங்களிலும் ஒரே இடத்தில் ஒரு நேர்கோடு ஓடும்.

அழகாகிவிடும் முகங்கள்

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பாட்டியின் படம் ஒன்றைச் சீரமைக்கக் கொடுத்திருந்தேன். பார்த்தவுடன் அசந்துபோகிற மாதிரி பளிச்சென்று வந்தது. அத்தையிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, "நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது அம்மா இல்லையே, பெரியம்மா மாதிரி இருக்கிறதே" என்றார். வீட்டுக்கு வந்து மூலத்தோடு ஒப்பிட்டேன். பாட்டியின் இடது கண் சற்று ஒதுங்கிப் பார்க்கும். புதிய படத்தில் இரண்டு கண்களும் நேராக, ஒரே அளவில், ஒரே மினுமினுப்போடு இருந்தன. மேலுதட்டைக் கொஞ்சம் தள்ளிக்கொண்டிருக்கும் பல்லும் உள்ளே போய்விட்டது.

செயற்கை நுண்ணறிவு மென்பொருள் செய்வது இதைத்தான். மங்கிய முகத்தில் இல்லாத விவரத்தை, தான் பழகிய ஏராளமான முகங்களிலிருந்து ஊகித்து நிரப்பும், ஒழுங்கற்றதை ஒழுங்காக்கும். குடும்ப முகங்களை அடையாளம் காட்டுவதோ பெரும்பாலும் அந்த ஒழுங்கின்மைதான். கீறலையும் கறையையும் நீக்க அதைப் பயன்படுத்தட்டும், முகத்தைத் தொடும் வசதியை அணைத்துவிடச் சொல்லுங்கள். வண்ணம் பூசுவதும் ஊகமே. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பரவலாக இருந்த ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு ஏறக்குறைய தெரியாது. சிவப்பு உடை கறுப்பாக விழும், நீலம் வெளிறும். சாம்பல் நிறத்தைப் பார்த்து உடையின் நிறத்தைச் சொல்ல முடியாது. ஆசைக்கு ஒன்றிரண்டு படங்களுக்கு வண்ணம் பூசிப் பாருங்கள், தனிக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள், பெட்டி முழுக்கப் பூசப் பணம் கட்டாதீர்கள்.

வேலை கொடுக்கும் முன் பேச வேண்டியவை சில. மொத்தப் பெட்டியையும் ஒப்படைக்காமல், மிக மோசமான ஒன்று உட்பட ஐந்து படங்களை மட்டும் முதலில் கொடுங்கள். கை வைக்காத மூல ஸ்கேன், திருத்திய படம் இரண்டும் உங்களுக்கு வர வேண்டும். திருத்தியது மட்டும் வந்தால் நாளை மறுபடி ஸ்கேனுக்கே காசு. மூலம் டிஃப் ஆக இருக்கட்டும். அமுக்கிச் சிறிதாக்கிய ஜேபெக் உறவினர்களுக்கு அனுப்புவதற்கு. ஆல்பத்திலிருந்து பிரிப்பது, தூசி தட்டுவது, நேராகத் திருப்புவது, திருப்பி அனுப்புவது இவற்றுக்குத் தனிக் கட்டணமா என்பதை முன்பே எழுத்தில் வாங்குங்கள். வந்த கோப்புகளை மூன்று பிரதிகளாக, இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டதைப் பிரதி என்று கணக்கில் சேர்க்காதீர்கள். படமாக அனுப்பினால் அது அமுக்கித்தான் அனுப்பும்.

இவ்வளவும் செய்தும், முகங்களுக்குப் பெயர் எழுதாமல் விட்டால் கையில் இருப்பது அழகான அந்நியர்களின் படங்கள். ஸ்கேன் முடிந்ததும் பெரிய திரையில் முகங்களைப் பெரிதாக்கி, வீட்டின் மூத்தவரிடம் காட்டி, அவர் பேசுவதைக் கைபேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள். செலவில்லாத ஒரே வேலை இது. தள்ளிப்போடக் கூடாததும் இதுவே. பின்பக்கத்தில் எழுத்தோ ஸ்டூடியோ முத்திரையோ இருந்தால் அதையும் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். இன்னொரு படத்துக்கான கூலி ஆகும், ஆகட்டும். எங்கள் பெட்டியில் ஒரு குழுப் படத்தின் பின்னால் பென்சிலில், "கடைசி வரிசையில் இரண்டாவது நான்" என்று மட்டும் இருந்தது. கையெழுத்தைப் பார்த்ததும் அது சின்னத் தாத்தாவுடையது என்று அத்தை சொல்லிவிட்டார். இடமிருந்து இரண்டாவதா, வலமிருந்து இரண்டாவதா என்பதில்தான் இன்னும் வீட்டில் இரண்டு கட்சி.