ஹட்செப்சுட்டைப் பற்றி எழுதும்போது நேரும் தவறுகள்

பண்டைய எகிப்தை ஆண்ட ஹட்செப்சுட்டைப் பற்றிப் படிக்கக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு மாற்றாந்தாய்க் கதைதான். கணவர் இரண்டாம் துட்மோஸ் இறந்ததும், அவருடைய இன்னொரு மனைவிக்குப் பிறந்த சிறுவனின் அரியணையைப் பறித்துக்கொண்டார். ஆண் வேடமிட்டு ஆண்டார். வளர்ந்த பிள்ளை மூன்றாம் துட்மோஸ் பழி தீர்க்க அவர் பெயரைச் சுவர்களிலிருந்து செதுக்கி எடுத்தார். இதை அப்படியே எழுதிவிடாதீர்கள்.

முதலில் காலக்கணக்கைப் பாருங்கள். ஹட்செப்சுட்டின் காலம் ஏறத்தாழ கி.மு. 1479 முதல் 1458 வரை. சிறுவனுக்காக ஆட்சியைக் கவனித்துக்கொண்டவர், ஏழாம் ஆண்டுக்குள் தாமே மன்னராக முடிசூடினார். அப்போதும் தமக்கெனப் புதிய ஆண்டுக்கணக்கைத் தொடங்கவில்லை. மூன்றாம் துட்மோஸின் ஆட்சியாண்டுகளையே தொடர்ந்து பயன்படுத்தினார். கர்னாக் கோயில் வளாகத்தில் அவர் எழுப்பிய சிவப்புக் கற்கோயிலில் இருவருமே மன்னர்களாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். அரியணையைப் பறித்தவர் செய்கிற வேலையா இது?

பெயர் அழிப்பு தொடங்கியது அவர் மறைந்து ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்குப் பிறகு. கொதிக்கும் கோபம் இருபது ஆண்டுகள் காத்திருக்காது. அழிப்பிலும் ஒரு தேர்வு இருந்தது: மன்னராகக் காட்டும் உருவங்களைச் செதுக்கி அழித்தவர்கள், இரண்டாம் துட்மோஸின் மனைவியாகக் காட்டுபவற்றை விட்டுவைத்தார்கள். ஆகவே, தம் மகன் இரண்டாம் அமென்ஹோதெப் சிக்கலின்றிப் பட்டத்துக்கு வர மூன்றாம் துட்மோஸ் வழி செய்தார் என்ற விளக்கமே எனக்கு வலுவாகப் படுகிறது. ஹட்செப்சுட்டின் நினைவுக் கோயில் இருக்கும் தேர் எல் பஹ்ரியில் உடைந்து கிடந்த சிலைகளையும் வெறுப்பின் கணக்கில் சேர்க்க வேண்டாம். அவற்றுள் பல கழுத்து, இடுப்பு, முழங்கால் ஆகிய இடங்களில் உடைக்கப்பட்டவை. முகங்கள் சிதையாமல் இருந்தன. இது மன்னர்களின் சிலைகளில் உறையும் ஆற்றலை நீக்கும் வழக்கமான சடங்கு என்று 2025இல் வெளியான ஓர் ஆய்வு வாதிடுகிறது.

ஆண் வேடம் என்பதும் பிழை. சிலைகளில் அவர் அணிந்திருக்கும் ஒட்டுத்தாடி மன்னர் பதவியின் சின்னம். நம் ஊர்ச் செங்கோல் போல. தாடியோடு நிற்கும் உருவத்தின் அருகிலேயே எழுத்துகள் பெண்பால் விகுதியோடு, 'ரேயின் (சூரியக் கடவுளின்) மகள்' என்று அவரைக் குறிக்கின்றன. 1829இல் தேர் எல் பஹ்ரிக்குச் சென்ற ஷம்போலியோன், எகிப்திய எழுத்துகளைப் படிக்கும் வழியைக் கண்டறிந்தவர், தாடி வைத்த மன்னருக்குப் பெண்பால் சொற்கள் வருவதைக் கண்டு குழம்பினார். மறைக்க நினைத்தவர் இப்படிக் கல்லில் வெட்டி வைத்திருக்க மாட்டார்.

தமிழில் எழுதுவோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எகிப்திய மொழியில் அரசியைக் குறிக்கும் சொல்லின் பொருள் 'மன்னரின் மனைவி'. அந்தப் பட்டத்தைக் கடந்து வந்தவரைக் கடைசி வரை 'ராணி' என்றே எழுதுவது பொருந்தாது. துட்மோஸ் 'அவர்', ஹட்செப்சுட் 'அவள்' என்று ஒரே கட்டுரையில் காணும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எகிப்தின் முதல் பெண் மன்னரும் இவர் அல்லர். இவருக்கு முன்பே, பன்னிரண்டாம் அரச மரபின் கடைசியில் சோபெக்நெஃபெரு ஆண்டிருக்கிறார். போரே இல்லாத ஆட்சி என்பதும் மிகை. நூபியாவில் படையெடுப்பு நடந்ததற்குச் சான்று இருக்கிறது. ஒன்பதாம் ஆண்டில் பண்ட் நாட்டுக்குக் கப்பல்கள் சென்று நறும்பிசின் மரங்களை வேரோடு கூடைகளில் கொண்டுவந்தது உண்மை. ஆனால் பண்ட் என்பது இன்றைய இந்த நாடுதான் என்று அடித்துச் சொல்ல வேண்டாம். செங்கடலின் தென்பகுதியை ஒட்டியது என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதிகாரி செனென்முட் அவருடைய காதலர் என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. ஒரு பல்லை வைத்து 2007இல் அடையாளம் காணப்பட்ட மம்மி அவருடையதுதான் என்பதை எல்லா ஆய்வாளர்களும் ஏற்கவும் இல்லை.

கர்னாக்கில் ஹட்செப்சுட் நிறுத்திய தூபி (கூர்முனைத் தூண்) இன்றும் நிற்கிறது. ஏறத்தாழ 29 மீட்டர் உயரமுள்ள ஒற்றைக் கல். ஏழு மாதங்களில் வெட்டி முடித்ததாக அதன் அடிப்பீடத்தில் அவரே பொறித்திருக்கிறார். மூன்றாம் துட்மோஸ் காலத்தில் அதன் கீழ்ப்பகுதியைச் சுற்றிச் சுவர் எழுப்பினார்கள். அந்தச் சுவருக்குள் இருந்ததால்தான் எழுத்துகள் இவ்வளவு கூர்மையாக எஞ்சியிருக்கின்றன.